சகோதரி சுப்பலட்சுமி

ஆர். எஸ். சுப்பலட்சுமி (ஆகஸ்ட் 18, 1886 - டிசம்பர் 20, 1969) சென்னையைச் சேர்ந்த கல்வியாளரும் சமூக சீர்திருத்தவாதியும் ஆவார். இளம் வயதிலேயே கணவரை இழந்த இவர், தம்மைப் போன்ற குழந்தை விதவைகளுக்காக விடுதியும் பள்ளிகளும் நிறுவி, அவர்களை ஆசிரியைகளாக்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் இவரே. சிஸ்டர் சுப்பலட்சுமி என்றே சென்னை மக்கள் இவரை அழைத்தனர்.

பிறப்பும் இளமையும்

சுப்பலட்சுமி மயிலாப்பூரில் சுப்பிரமணிய ஐயர், விசாலாட்சி இணையருக்கு முதல் மகளாகப் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த ரிஷியூர். தந்தையார் பொதுப்பணித்துறையில் பொறியாளராகப் பணியாற்றியவர். சுப்பலட்சுமி ஒன்பதாம் வயதில் எழுதிய நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். எனினும் அக்கால வழக்கத்தை மீறக் குடும்பத்தார் துணியவில்லை. பதினொன்றாம் வயதில் திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்துபோனார்.

கைம்மை என்பது அன்றைய பிராமணக் குடும்பங்களில் துயரம் மட்டுமன்று, ஒரு தண்டனையும் ஆகும். கணவனோடு ஒரு நாளும் வாழ்ந்திராத சிறுமியாயினும் பருவமெய்திய பின் தலை மழிக்கப்பட்டது. நகை, வண்ணப்புடவை, பூ ஆகியவை மறுக்கப்பட்டன. சுப நிகழ்ச்சிகளில் அவள் முகத்தில் விழிப்பதே அபசகுனமாகக் கருதப்பட்டது. புகுந்த வீட்டிலோ பிறந்த வீட்டிலோ ஊதியமில்லாத சமையற்காரியாக அவள் ஆயுள் கழியும். 1856 ஆம் ஆண்டுச் சட்டம் விதவை மறுமணத்தை அனுமதித்திருந்தும், அதைச் செய்துகொண்ட குடும்பத்தைச் சாதி விலக்கி வைத்தது. வேறு பல சாதிகளில் மறுமண வழக்கம் இருந்தமையால் இக்கொடுமை உயர்சாதிகளிலேயே மிகுந்திருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சுப்பலட்சுமியின் தந்தை மகளின் தலையை மழிக்க மறுத்தார். மறுமணமும் செய்விக்கவில்லை. மூன்றாவது வழியொன்றைத் தேர்ந்தார்: மகளைப் படிக்க வைத்தார். முதலில் வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் எழும்பூரிலுள்ள பிரசன்டேசன் கான்வென்டில் சேர்த்தார். உறவினர்களின் ஏச்சும் அக்கம்பக்கத்தாரின் ஏளனமும் குறைவாக இருந்திருக்க வழியில்லை. இக்காலத்தில் குடும்பத்துக்குத் துணையாக இருந்தவர் சுப்பலட்சுமியின் சித்தி; அவரும் இளம் விதவையே.

கான்வென்டில் மணமாகாத பெண்கள் கூடி வாழ்ந்து, கல்வியையே தொழிலாகவும் தொண்டாகவும் கொண்டிருந்ததைச் சுப்பலட்சுமி அருகிலிருந்து கண்டார். கணவரோ மக்களோ இல்லாத பெண்ணுக்கும் மதிப்புள்ள ஒரு வாழ்க்கை உண்டு என்பதற்கு அவர் கண்முன் இருந்த சான்று அதுதான். ஆயினும் அவர் மதம் மாறவில்லை. இந்து விதவையாகவே இறுதிவரை வாழ்ந்தார். அவருக்கு வழங்கிய சிஸ்டர் என்னும் அடைமொழி, அக்கன்னியர் வாழ்க்கையை நினைவூட்டுவதாகவே அமைந்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1911 ஏப்ரலில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். கிறித்தவப் பெண்கள் சிலர் இதற்கு முன்பே பட்டம் பெற்றிருந்தனர். இவரைப் போலவே 1886 இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி மறு ஆண்டு, 1912 இல், மருத்துவப் பட்டம் பெற்றார்.

விதவைகள் விடுதி

விதவைகளுக்கான இல்லம் என்பது இந்தியாவுக்குப் புதிதன்று. பண்டித ரமாபாய் 1889 இல் பம்பாயில் சாரதா சதனைத் தொடங்கினார். கார்வே 1896 இல் புனேயில் விதவைகள் இல்லம் அமைத்தார். தெலுங்குப் பகுதியில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881 முதலே விதவை மறுமணங்களை நடத்திவந்தார். தமிழ்ப் பகுதியில் இத்தகைய முயற்சி பின்தங்கியே இருந்தது.

சுப்பலட்சுமி தம் தந்தையின் எழும்பூர் இல்லத்தில் நான்கு இளம் விதவைகளுடன் இப்பணியைத் தொடங்கினார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த ஐரிய நாட்டுப் பெண்மணி கிறிஸ்டினா லிஞ்ச் இவருக்குப் பெருந்துணையாக இருந்தார். 1912 இல் சாரதா மகளிர் சங்கம் உருவாயிற்று.

லிஞ்ச் போன்ற அதிகாரிகளுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. பெண் பள்ளிகளைத் திறந்தாலும் அங்கே கற்பிக்க இந்துப் பெண் ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. ஆண் ஆசிரியரிடம் பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். படிக்கும் சிறுமிகளோ பத்து, பன்னிரண்டு வயதில் மணமாகிப் பள்ளியை விட்டு நின்றனர். எவரும் மணம் பேசி வராத, எவரும் வீட்டில் வேண்டாத குழந்தை விதவை ஒருத்திக்கே பயிற்சி முடியும்வரை படிக்க ஆண்டுகள் இருந்தன. சமூகம் ஒதுக்கிய பெண்ணே சமூகத்திற்குத் தேவைப்பட்ட ஆசிரியை ஆகலாம் என்ற கணக்கு இங்கிருந்து பிறந்தது. இரக்கத்தை மட்டும் நம்பிய இல்லமாக இருந்திருந்தால் அது நெடுநாள் நிலைத்திருக்குமா என்பது ஐயமே. அவர்களுக்கு வேலையும் சம்பளமும் கிடைத்ததே வேறுபாடு. சம்பளம் வாங்கும் மகளை வீட்டார் பார்க்கும் பார்வையும் வேறு.

விடுதி பெரிதானபோது அரசு, மெரினா கடற்கரை எதிரிலுள்ள ஐஸ் அவுஸ் கட்டடத்தை 1917 இல் வாங்கி அதற்கென ஒதுக்கியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்க 1842 இல் எழுப்பப்பட்ட கட்டடம் அது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். கடலைப் பார்த்த அவ்வட்டக் கட்டடத்தில், வீட்டுப் பின்கட்டிலேயே வளர்ந்த பெண்கள் குடிபுகுந்தனர். அருகில் 1914 இல் தொடங்கப்பட்ட இராணி மேரி கல்லூரி இருந்தது மேற்படிப்புக்கு வசதியாயிற்று.

வரம்புகள்

அவ்விடுதியின் அரசுப் பெயரிலேயே பிராமண விதவைகள் விடுதி என்று இருந்தது. சமையல், ஆசாரம் முதலியன வைதீக முறைப்படியே நடந்தன. அப்படி இல்லாவிடில் பெற்றோர் பெண்களை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் பொதுப்பணத்தில் ஒரு சாதிக்கு மட்டும் விடுதி நடத்துவது, பிராமணரல்லாதார் இயக்கம் வலுப்பெற்றுவந்த அக்காலத்தில் எளிதில் நியாயப்படுத்தக் கூடியதாக இல்லை. தலைவிரி கோலமாக எதிர்க்காமல், வைதீகத்தின் சொற்களைக் கொண்டே அதன் பிடியிலிருந்து பெண்களை வெளியே கொணர்ந்தது சுப்பலட்சுமியின் வழி. அதன் வெற்றிக்கும் குறைக்கும் காரணம் ஒன்றே. மறுமணத்தை விடுதியின் நோக்கமாக அவர் கொள்ளவில்லை என்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

வயதில் மூத்த விதவைகளுக்காக 1920களில் சாரதா வித்யாலயம் உயர்நிலைப் பள்ளியாகவும் உறைவிடப் பள்ளியாகவும் உருவாக்கப்பட்டது. சாரதா மகளிர் சங்கத்தின்கீழ் இயங்கிய இது பின்னர் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் வந்தது. 1922 இல், அப்போதைய ஆளுநரின் மனைவி பெயரால் லேடி வெலிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வராகச் சுப்பலட்சுமி பொறுப்பேற்றார். மாதிரிப் பள்ளியும் அதனுடன் இணைந்திருந்தது. விடுதியில் வளர்ந்த பெண்கள் பயிற்சி பெற்று ஆசிரியைகளாக வெளியேற வழி இதனால் முழுமையாயிற்று.

பொதுவாழ்வு

அரசுப் பணியில் இருந்தமையால் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் ஆகியோர் பங்குபெற்ற இந்திய மாதர் சங்கத்தில் முறைப்படி உறுப்பினராக இவரால் இயலவில்லை. ஆயினும் கூட்டங்களுக்குச் சென்றுவந்தார். குழந்தைத் திருமணத்தைப் பற்றி விசாரித்த ஜோஷி குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அதன்பின் வந்த 1929 ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் (சாரதா சட்டம்) பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக நிர்ணயித்து, 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பதினொன்றில் மணமானவர் ஒருவரின் சாட்சியம் என்பதால் அதற்குத் தனி எடை உண்டு.

ஓய்வுக்குப் பிறகும் இவர் ஓயவில்லை. 1942 இல் படிப்பை இடையில் விட்ட பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் 1954 இல் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சமூகநல மையம் ஏற்படுத்தினார். மயிலாப்பூர் மகளிர் மன்றப் பள்ளிக் கழகத்தின் தலைவராக இருந்து 1956 இல் வித்யா மந்திர் பள்ளி உருவாகக் காரணமானார். இராயப்பேட்டை நெடுஞ்சாலையிலுள்ள இப்பள்ளி கோபாலபுரத்திலிருந்தும் அதிகத் தொலைவில் இல்லை. 1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார்.

இவருக்கு 1920 இல் கெய்சர்-இ-இந்து தங்கப் பதக்கமும் 1958 இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன.

இறுதிக்காலம்

சுப்பலட்சுமி 1969 டிசம்பர் 20 அன்று, வைகுண்ட ஏகாதசி நாளில், காலமானார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1966 இல், இவரது வரலாறு ஆங்கிலத்தில் நூலாக வந்துவிட்டது. எழுதியவர் மோனிக்கா ஃபெல்டன். இங்கிலாந்தில் நகரமைப்புப் பொறுப்பில் இருந்து, 1951 இல் வட கொரியாவுக்குச் சென்றதற்காகப் பதவி இழந்த இப்பெண்மணி பின்னர் சென்னையில் தங்கி இராஜாஜியைப் பற்றியும் எழுதினார். விதவைகள் விடுதியின் தொடக்க ஆண்டுகளைப் பற்றி இன்று அறியப்படுபவற்றுள் பெரும்பகுதி, முதுமையில் சுப்பலட்சுமி அவரிடம் நினைவுகூர்ந்தவையே ஆகும். ஐஸ் அவுஸ் 1963 இல் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.