கட்டளைக்குப் பணிந்த கம்ப்யூட்டர்: டென்னிஸ் ரிச்சியின் வாழ்க்கை வரலாறு

2011-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி, ஆப்பிள் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் காலமானார். உலகமெங்கும் மக்கள் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து அஞ்சலி செலுத்தினார்கள்.

ஒரு வாரம் சென்றது. அக்டோபர் 12-ந் தேதி, அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் தனியாக வாழ்ந்து வந்த ஒரு பெரியவர், தம் வீட்டில் இறந்து கிடந்தார். அவருக்கு வயது 70. அவருக்காகத் தெருவில் கூட்டம் கூடவில்லை.

ஆனால் ஸ்டீவ் ஜாப்ஸ் விற்ற கம்ப்யூட்டருக்கும், இன்று நம் கையில் உள்ள செல்போனுக்கும் அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர். அவர் பெயர் டென்னிஸ் ரிச்சி.

பிறப்பும் படிப்பும்

ரிச்சி 1941-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, நியூயார்க் மாநிலத்தில் பிராங்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அலிஸ்டர் ரிச்சி ஒரு விஞ்ஞானி. டெலிபோன் ஆராய்ச்சிக்குப் புகழ்பெற்ற பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு வேலை.

மகன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பௌதிகமும் கணிதமும் படித்தார். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதி முடித்தார். ஆனால் அதை பைண்டு செய்து நூல் நிலையத்தில் ஒப்படைக்கவில்லை. ஆகவே பட்டம் கிடைக்காமலே போயிற்று! அதைப்பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. 1967-ல் தந்தை வேலை பார்த்த அதே ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார்.

மூலையில் கிடந்த எந்திரம்

அப்போது மல்டிக்ஸ் என்ற பெரிய திட்டம் நடந்து வந்தது. பலர் ஒரே நேரத்தில் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். வேலை நீண்டுகொண்டே போனது. 1969-ல் பெல் நிறுவனம் அதிலிருந்து விலகியது.

ரிச்சியும் அவருடைய நண்பர் கென் தாம்சனும் சோர்ந்துவிடவில்லை. யாரும் அதிகம் தொடாத பி.டி.பி.7 என்ற சிறிய எந்திரம் ஒன்று அங்கே இருந்தது. 1969-ல் தாம்சன் அதில் புதிய அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். ரிச்சி அவருக்குத் தோள் கொடுத்தார். அதுவே யூனிக்ஸ்.

யூனிக்ஸ் எப்படி வேலை செய்தது? டைப் எந்திரம் போன்ற கருவியில் ஒரு சொல்லைத் தட்டினால் போதும். "டேட்" என்று தட்டினால் தேதி வரும். இன்னொரு சொல்லைத் தட்டினால் ஃபைல்களின் பட்டியல் வரும். ஒவ்வொரு சொல்லும் ஒரு கருவி.

புதிய கருவி ஒன்றைச் சேர்ப்பதும் பெரிய வித்தை அல்ல. கருவியும் ஒரு ஃபைல்தான். அதை "பின்" என்ற அறையில் வைத்து, இதை இயக்கலாம் என்று அடையாளம் இட வேண்டும். பிறகு அதன் பெயரைத் தட்டினால், கம்ப்யூட்டர் அந்த அறையில் தேடி எடுத்து இயக்கும்.

ஒரு கருவி தரும் விடையை அடுத்த கருவிக்குத் திருப்பிவிடவும் முடியும். காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரிக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏரித் தண்ணீர் மதகு வழியாக வாய்க்காலுக்கு வந்து, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் பாய்கிறது அல்லவா? அதுபோலத்தான். இந்த யோசனையைச் சொன்னவர் அவர்களுடைய சக விஞ்ஞானி டக் மெக்கில்ராய்.

சி மொழி பிறந்தது

ஒரு சங்கடம் இருந்தது. ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு பாஷை. ஓர் எந்திரத்துக்கு எழுதிய கருவி அடுத்த எந்திரத்தில் ஓடாது. மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

இதற்கு ரிச்சி வழி கண்டார். 1972-ம் ஆண்டு வாக்கில் "சி" என்ற மொழியை உருவாக்கினார். கருவியை சி மொழியில் எழுத வேண்டும். கம்பைலர் என்ற மொழிபெயர்ப்பாளன் அதை அந்தந்த எந்திரத்தின் பாஷைக்கு மாற்றித் தரும். 1973-ல் யூனிக்ஸையே சி மொழியில் திருப்பி எழுதினார்கள்.

அமெரிக்க அரசுடன் 1956-ல் செய்துகொண்ட உடன்பாட்டால், டெலிபோன் கம்பெனி கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இறங்க முடியாது. ஆகவே யூனிக்ஸ், மூலத்துடன் சொற்பக் கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களுக்குப் போயிற்று. மாணவர்கள் அதைப் படித்தார்கள், திருத்தினார்கள், வளர்த்தார்கள். 1978-ல் ரிச்சியும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து சி மொழிக்குப் பாடநூல் எழுதினார்கள்.

பூட்டும் சாவியும்

ரிச்சி செய்த இன்னொரு காரியத்தை அவசியம் சொல்ல வேண்டும்.

எல்லோருடைய ரகசியச் சொற்களும் ஒரே ஃபைலில் இருந்தன. அதை யாரும் தொடக்கூடாது. ஆனால் அவரவர் சொல்லை அவரவர் மாற்றிக்கொள்ள வேண்டுமே! என்ன செய்வது?

தபால் ஆபீசில் பணம் கட்டுகிறவர் உள்ளே புகுந்து பேரேட்டில் எழுத முடியாது. சீட்டு கொடுத்தால், அதிகாரம் உள்ள குமாஸ்தா அந்த ஒரு வரியை மட்டும் எழுதுவார். ரிச்சியும் அப்படியே செய்தார். இயங்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு கருவிக்கு அதன் சொந்தக்காரரின் அதிகாரம் கிடைக்கும்படி அமைத்தார். 1979-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அந்த உரிமை பொதுமக்களுக்கே விட்டுக்கொடுக்கப்பட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸைப் பார்த்து லினக்ஸை சி மொழியில் எழுதினார். சென்னையில் சி-டாக் நிறுவனம் லினக்ஸைக் கொண்டு "பாஸ்" என்ற இந்திய அமைப்பை உருவாக்கியது. 2011 செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்தது. ரிச்சி மறைவதற்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரம் அது!

பாஸ் லினக்ஸ் உள்ள லேப்டாப்பில் ஒரு கருவியைச் சேர்க்க, தென்னேரி மாணவி என்ன செய்ய வேண்டும்? இன்டர்நெட் இணைப்பு இருக்க வேண்டும். கட்டளைத் திரையைத் திறந்து, "சூடோ ஆப்ட் இன்ஸ்டால்" என்று ஆங்கிலத்தில் தட்டி, கருவியின் பெயரையும் தட்ட வேண்டும். ரகசியச் சொல் கேட்கும். தட்டும்போது திரையில் எழுத்து தெரியாது, பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் தன் களஞ்சியத்திலிருந்து கருவியை வரவழைத்து, முத்திரை சரிதானா என்று பார்த்து, "பின்" அறையில் வைத்துவிடும். முன்பின் தெரியாத இடத்திலிருந்து கருவி எடுப்பது ஆபத்து.

அந்த "சூடோ" என்ற சொல்லுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? ரிச்சி கண்டுபிடித்த அந்தத் தபால் ஆபீஸ் முறைதான்!

புகழும் முடிவும்

1983-ல் ரிச்சிக்கும் தாம்சனுக்கும் டூரிங் பரிசு கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையில் இதைவிடப் பெரிய பரிசு இல்லை. அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் கையால் 1999-ல் இருவரும் தேசியப் பதக்கம் பெற்றார்கள். 2007-ல் ரிச்சி ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

குளம் வெட்டியவன் பெயரைக் குளிக்க வருகிறவன் கேட்பதில்லை. ஆனாலும் தண்ணீர் எல்லோருக்கும் கிடைக்கிறது. ரிச்சி வெட்டிய குளமும் அப்படிப்பட்டதே. பட்டம் வாங்காத அந்த மனிதரின் மொழியை, உலகமெங்கும் பட்டம் வாங்க வருகிறவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.