ஃப்ரிட்ஜில் கேஸ் தீர்ந்துடுச்சா? 3 நாளில் அந்த கேஸுக்கு வழி கண்டவர்.. அவர் இறந்து 30 வருஷம் கழித்து வெடித்த பூதம்! யார் இந்த மிட்ஜ்லி?

வீட்டு ஃப்ரிட்ஜ் கூலிங் ஆகலைன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டால், பல வீடுகளில் முதலில் காதில் விழுவது ஒரே விஷயம்தான். கேஸ் போயிடுச்சு, அடிக்கணும். நாமும் அடுப்பு சிலிண்டர் தீர்ந்த மாதிரி நினைத்துக்கொண்டு சரி என்று தலையாட்டி விடுகிறோம்.

ஆனால், ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் தீர்ந்து போகிற பொருளே கிடையாது. கம்ப்ரசர், பின்பக்கக் குழாய், ஃப்ரீசர் என மூடிய ஒரே பாதையில் அது சுற்றிச் சுற்றி வருகிறது. ஃப்ரீசர் பக்கம் போய் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சும். பின்பக்கம் வந்து மறுபடி திரவமாகும்போது அந்தச் சூட்டை வெளியே விடும். அவ்வளவுதான் அதன் வேலை. வருஷக்கணக்கில் ஓடினாலும் அளவு குறையாது. குறைந்திருக்கிறது என்றால், எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கசிவு ஒரு காலத்தில் வீட்டில் இருந்தவர்களையே கொன்றது. அதற்குத் தீர்வு கண்டு பெயர் வாங்கியவர்தான் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி. அவர் கண்ட தீர்வு பிறகு என்ன ஆனது, நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

மெக்கானிக்கல் படித்தவர், வேதியியலில் புகுந்தார்

1889-ம் ஆண்டு மே 18-ம் தேதி பென்சில்வேனியா மாகாணத்தின் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார் மிட்ஜ்லி. வளர்ந்தது ஓஹையோ மாகாணத்தின் கொலம்பஸ். அப்பாவும் ஒரு கண்டுபிடிப்பாளர். வாகன டயர்களில் வேலை செய்தவர். மகன் 1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தார். வேதியியலை முறையாகப் படிக்காதவர்தான் பின்னாளில் அமெரிக்க வேதியியல் சங்கத்துக்கே தலைவரானார்!

1916-ல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் நடத்திய ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இந்த கெட்டரிங் சாதாரண ஆள் இல்லை. காரை கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் வேலையை ஒழித்து, எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவர். அந்த ஆய்வுக்கூடம் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது.

அங்கே மிட்ஜ்லிக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கார் இன்ஜினில் வரும் 'டக் டக்' சத்தத்தை நிறுத்துவது. பெட்ரோலில் எதைக் கலந்தால் சத்தம் நிற்கும் என்று கிடைத்ததை எல்லாம் கலந்து பார்த்தார். டெல்லூரியம் என்ற தனிமத்தைக் கலந்தபோது, அதன் நாற்றம் குளித்தாலும் போகாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. கடைசியில், 1921 டிசம்பரில் ஈயம் கலந்த ஒரு திரவம் வேலை செய்தது. சத்தம் நின்றது.

ஆனால், ஈயம் விஷம். இது அன்றைக்கே தெரிந்த விஷயம்தான். மிட்ஜ்லியே 1923-ல் ஈய பாதிப்பு காரணமாக ஃப்ளோரிடாவுக்குப் போய் ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இந்தத் திரவத்தைத் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தார்கள். பரபரப்பு கிளம்பியதும் பத்திரிகையாளர்களைக் கூட்டிய மிட்ஜ்லி, அந்தத் திரவத்தைத் தன் கையில் ஊற்றிக் கழுவி, சுமார் ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். ஒரு வருஷம் முன்புதான் அதே பொருளால் படுத்திருந்தவர் செய்த காரியம் இது! அவர் வாழ்க்கையில் மன்னிக்க முடியாத இடம் எது என்று கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஈய பெட்ரோல் உலகம் முழுக்க ஓடியது. கடைசி நாடாக அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-ல்தான்.

வீட்டுக்குள் விஷ கேஸ்

1920-களில் அமெரிக்க வீடுகளில் மின்சார ஃப்ரிட்ஜ் நுழைந்துகொண்டிருந்தது. ஐஸ் வண்டிக்காரர் கொண்டுவந்து போடும் ஐஸ் கட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதால் மவுசும் கூடியது. ஆனால், குழாய்க்குள் ஓடியது என்ன தெரியுமா? அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. மூன்றுமே கசிந்தால் ஆபத்து.

முதல் இரண்டிலாவது மூக்கைத் துளைக்கும் நெடி இருக்கும், எழுந்து ஓடிவிடலாம். மெத்தில் குளோரைடில் அந்த அளவுக்கு நெடி கிடையாது. ராத்திரி தூங்கும்போது கசிந்தால் தெரியாது. சிகாகோ நகரில் 1920-களின் கடைசியில் இப்படி அடுத்தடுத்து பலர் உயிரிழந்தார்கள். ஒரே மெஷினிலிருந்து பல வீடுகளுக்குக் குழாய் போன அடுக்குமாடிகளில், ஓர் இடத்தில் கசிந்தால் மொத்தக் கட்டடத்துக்கும் பயம்.

இந்த ஆபத்து ஐன்ஸ்டீன் வரைக்கும் போனது. அவரும் இயற்பியலாளர் லியோ சிலார்டும் சேர்ந்து, அசையும் பாகங்கள் இல்லாத, அதனால் கசிய வாய்ப்பு குறைந்த ஃப்ரிட்ஜ்களை வடிவமைத்து காப்புரிமையே வாங்கினார்கள். கசியாத மெஷினைச் செய்வது அவர்களின் வழி. கசிந்தாலும் ஒன்றும் ஆகாத கேஸைத் தேடுவது கெட்டரிங்கின் வழி. ஜெனரல் மோட்டார்ஸிடம் ஃப்ரிஜிடேர் என்ற ஃப்ரிட்ஜ் கம்பெனி இருந்தது. அதற்காக 1928-ல் மிட்ஜ்லிக்குப் புது வேலை வந்தது. விஷமாக இருக்கக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது, ஆனால் குளிர்விக்க வேண்டும்.

3 நாளில் விடை.. ஒரு பாட்டிலில் தப்பிய அதிர்ஷ்டம்

ஆல்பர்ட் ஹென்னி, ராபர்ட் மெக்நாரி என்ற இரண்டு சகாக்களோடு உட்கார்ந்த மிட்ஜ்லி, தனிம அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டார். நாம் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்த அதே கட்டம் போட்ட அட்டவணைதான். சுலபமாக ஆவியாகும் சேர்மங்களைத் தரும் தனிமங்கள் வலப்பக்கம் கூடி நிற்கின்றன. வலப்பக்கம் போகப்போக தீப்பிடிக்கும் குணம் குறைகிறது. கீழிருந்து மேலே போனால் விஷத்தன்மை குறைகிறது. இரண்டு கோடும் சந்திக்கும் மூலையில் நின்றது ஃப்ளோரின்.

ஃப்ளோரின் என்றாலே வேதியியலாளர்கள் அலறிய காலம் அது. கண்ணாடியையே அரிக்கும் அமிலம் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால், கார்பனோடு இறுக்கமாகச் சேர்ந்துவிட்டால் அதன் பல் பிடுங்கப்பட்டுவிடும் என்று கணக்குப் போட்டார்கள். வேலையைத் தொடங்கி 3 நாளுக்குள் புது வாயு கையில் இருந்தது.

இங்கேதான் ஒரு திருப்பம். அதைச் செய்யத் தேவையான ஆன்டிமனி ட்ரைஃப்ளோரைடு என்ற பொருளை 5 சின்ன பாட்டில்களில் வாங்கியிருந்தார்கள். ஏதோ ஒன்றை எடுத்து வாயுவைத் தயாரித்து, கினி பன்றி ஒன்றை அதற்குள் வைத்துப் பார்த்தார்கள். அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. மறுபடி இன்னொரு பாட்டிலில் செய்தபோது கினி பன்றி செத்துப்போனது! சோதித்துப் பார்த்தால், நல்ல சரக்கு இருந்தது முதல் பாட்டிலில் மட்டும்தான். மற்ற நான்கிலும் இருந்த கலப்படம் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய விஷ வாயுவை உண்டாக்கியிருக்கிறது. கலப்படத்தை நீக்கியதும் பிரச்சினை தீர்ந்தது. முதலில் கையில் எடுத்தது வேறு பாட்டிலாக இருந்திருந்தால், விஷம் என்று முடிவு கட்டி அன்றைக்கே கைவிட்டிருப்பார்களோ என்னவோ.

1930 ஏப்ரலில் அட்லாண்டாவில் நடந்த வேதியியல் சங்கக் கூட்டத்தில், மேடையில் அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, மெதுவாக ஊதி, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார் மிட்ஜ்லி. விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்பதற்கு ஒரே மூச்சில் நிரூபணம். ஈய விஷயத்தில் செய்தது மாதிரி இது பொய் வேஷம் அல்ல. மூச்சில் போனால் உடனடி ஆபத்து இல்லை என்பது உண்மைதான். அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் டூபான்ட்டும் சேர்ந்து கம்பெனி தொடங்கின. ஃப்ரியான் என்ற பெயர் அப்படித்தான் உலகத்துக்கு வந்தது. ஃப்ரிட்ஜ், ஏசி, பிறகு ஸ்ப்ரே டப்பா என்று எல்லாவற்றிலும் அதே குடும்பத்து வாயுக்கள் நுழைந்தன. கசிந்தால் கசியட்டுமே என்று யாரும் கவலைப்படாத காலம் தொடங்கியது.

கயிறும் கப்பியும்

விருதுகள் குவிந்தன. 1937-ல் பெர்கின் பதக்கம், 1941-ல் பிரீஸ்ட்லி பதக்கம். 100-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள். ஆனால், 1940-ல் 51 வயதில் மிட்ஜ்லியை போலியோ தாக்கி கால்கள் செயலிழந்தன. படுக்கையிலிருந்து தானாக எழுந்துகொள்ள, கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல் கயிறும் கப்பியும் வைத்து ஓர் அமைப்பை அவரே உருவாக்கினார். 1944 நவம்பர் 2-ம் தேதி, அந்தக் கயிறே கழுத்தில் இறுகி இறந்தார். விபத்து என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. தற்கொலை என்ற பதிவும் உண்டு. அப்போது வயது 55. வேதியியல் சங்கத் தலைவர் பதவியிலும் இருந்தார்.

தான் கண்டுபிடித்த வாயு வானத்தில் என்ன செய்கிறது என்று தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார்.

1974-ல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். எதோடும் வினைபுரியாத இந்த வாயுக்கள் மழையில் கரையாது, கீழே அழியாது. மெதுவாக மேலே போய், புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, குளோரினை வெளியே விடும். அந்தக் குளோரின் ஓசோனைத் தின்னும். எந்தக் குணத்துக்காக ஃப்ரியானைக் கொண்டாடினார்களோ, அந்தக் குணமே அதை மேலே ஏற்றிவிட்டது. 1985-ல் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் ஓட்டை இருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. ஓட்டை இப்போது மெதுவாகச் சரியாகி வருகிறது. அண்டார்டிகா பகுதியில் 2066 வாக்கில் 1980-ம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. ஆதரவு ஆய்வின் கணிப்பு.

இப்போ நம்ம ஃப்ரிட்ஜில் என்ன இருக்கு?

ஃப்ரியானுக்குப் பிறகு ஆர் 134 ஏ வந்தது. ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால் புது ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர் 600 ஏ. அதாவது ஐசோபியூட்டேன். நம் சமையல் கேஸின் நெருங்கிய சொந்தம். ஓசோனுக்கும் பாதிப்பில்லை, சூடும் ஏற்றாது. ஆனால், தீப்பிடிக்கும். மிட்ஜ்லி எதை வேண்டாம் என்று விரட்டினாரோ, அந்த குணம் கொண்ட கேஸ் மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டது!

பயப்பட வேண்டாம். வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம்தான். ஆனால், கசிவை அலட்சியமாக விடுகிற காலம் முடிந்துவிட்டது. ஃப்ரீசரில் ஐஸ் மலையாகக் குவிந்தால் கத்தி, ஸ்க்ரூடிரைவர் வைத்துக் குத்தவே கூடாது. சாதாரண ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரின் அலுமினியச் சுவருக்குள்ளேயேதான் கேஸ் ஓடுகிறது. ஒரு குத்து போதும். ஐஸ் அரை சென்டிமீட்டர் சேரும்போதே டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தி, உருகட்டும் என்று விட்டுவிடுங்கள். குத்தியபோது 'புஸ்' என்று சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது.

கூலிங் குறைந்தாலே கேஸ்தான் காரணம் என்றும் இல்லை. கதவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் போயிருக்கிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சில சமயம் சரியாகும். பின்பக்கக் கம்பி வலையில் தூசி அப்பியிருந்தாலும், சுவரோடு ஒட்டி வைத்திருந்தாலும் சூடு வெளியே போகாது. டபுள் டோர் ஃப்ரிட்ஜில் மேலே ஃப்ரீசர் நன்றாக வேலை செய்து, கீழே மட்டும் கூலிங் இல்லையா? அப்போது பெரும்பாலும் காற்று வரும் வழியில் ஐஸ் அடைத்திருக்கும், இல்லையென்றால் ஃபேனில் கோளாறு. கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்தால்தான் கேஸ் மீது சந்தேகப்பட வேண்டும்.

அப்படியே கேஸ்தான் என்று மெக்கானிக் சொன்னாலும், எங்கே லீக் என்று முதலில் கேளுங்கள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடித்தால், சில வாரத்தில் அதுவும் போய்விடும், பணமும் போய்விடும். ஓட்டையை அடைத்து, ஃபில்டரை மாற்றி, வேக்கம் பம்ப் வைத்துக் குழாயிலிருந்து காற்றை இழுத்த பிறகே புது கேஸ் ஏற வேண்டும். ஆர் 600 ஏ என்றால் தராசில் நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும், கண் மதிப்பு ஆகாது. உள்ளே மிச்சம் இருக்கும் கேஸை முழுதாக வெளியேற்றாமல் குழாய் பக்கம் டார்ச் நெருப்பைக் கொண்டுபோனால் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது ஃப்ரிட்ஜின் பின்பக்கமோ உள்பக்கமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். மெக்கானிக் வருவதற்கு முன்பு அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃப்ரிட்ஜில் ஆர் 12 என்று போட்டிருந்தால், அது மிட்ஜ்லியின் கேஸேதான். அதைக் காயலான் கடைக்குப் போட்டால், குழாயை வெட்டும் அந்த நிமிஷமே மேலே கிளம்பிவிடும்.