பங்கு கேட்ட வள்ளல்

ஒப்புரவு என்னும் பண்பிற்கு வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஊரோடு ஒத்து வாழ்ந்து ஊருக்கு உதவும் அப்பண்பு எந்த ஒரு நாட்டிற்கும் மதத்திற்கும் மொழிக்கும் தனியுடைமை ஆகாது. கடல் கடந்த அமெரிக்காவில் பெரியதொரு பல்பொருள் வாணிக நிலையத்தின் தலைமை நிருவாகியாய் விளங்கி, ஈட்டிய பொருளை ஏழை மக்களின் கல்விக்கு வழங்கிய ஜூலியஸ் ரோசன்வால்டு என்னும் பெருமகனாரின் வரலாற்றை இம்மலரில் சுருங்க வரைய விழைகின்றோம். உலகில் வள்ளல்கள் பலர் உளர். பெறுவோரிடமும் ஒரு பங்கு கேட்ட வள்ளல் இவர். இவரைப்பற்றி எழுத நாம் முற்பட்டதற்கு அதுவே காரணம்.

ரோசன்வால்டு 1862-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தார். ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகுமுன் வாழ்ந்த ஊர் அது. லிங்கனின் இல்லத்திற்கு அருகிலேயே இவரது வீடும் இருந்தது. அடிமைத்தளையை அறுத்த உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். தந்தையார் சாமுவேல் ஜெர்மனியிலிருந்து பிழைப்பு நாடி வந்த யூதர். தொடக்கத்தில் மூட்டை சுமந்து ஊர் ஊராய் விற்று, பின்னர் ஆடைக்கடை வைத்து முன்னேறியவர். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புக்காகப் பெயர்ந்தவரின் மைந்தர் என்ற வகையில், தமிழகம் விட்டு வந்து இவ்வூரில் வாழும் நமக்கு அவர் அயலார் அல்லர்.

உயர்நிலைப் பள்ளியில் ஈராண்டு பயின்றதோடு அவரது கல்வி நின்றது. நியூயார்க் நகரில் ஆடை வாணிகம் நடத்திய தாய்மாமன்மாரிடம் தொழில் கற்கச் சென்றார். 1885-ஆம் ஆண்டில் சிக்காகோவிற்கு வந்து ஆண்களுக்கான ஆயத்த ஆடைகளைத் தைத்து விற்கும் தொழிலில் ஈடுபட்டார். பள்ளிப் படிப்பை முடிக்காத இவரே பிற்காலத்தில் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அறங்காவலருள் ஒருவரானார். மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட நம் போன்றோர்க்கு இச்செய்தி ஓர் ஆறுதல்.

ரெயில்வே ஊழியராகிய நமக்குச் சுவை தரும் செய்தி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. ரோசன்வால்டு பின்னர் சேர்ந்த சியர்ஸ் ரோபக் நிறுவனம் பிறந்த இடமே ஒரு ரெயில் நிலையந்தான்! மின்னசோட்டா மாநிலத்தின் நார்த் ரெட்வுட் என்னும் சிற்றூரில் ரிச்சர்டு சியர்ஸ் என்ற இளைஞர் நிலைய ஏஜெண்டாகப் பணியாற்றி வந்தார். 1886-ஆம் ஆண்டில் அவ்வூர் நகை வணிகர் ஒருவர் தம் பெயருக்கு வந்த கைக்கடிகாரப் பெட்டியை அன்று, சட்டைப்பையில் வைக்கும் கடிகாரங்கள் கொண்ட பெட்டியை ஏற்க மறுத்துவிட்டார். பெறுநர் மறுத்த சரக்கினால் நம் ஆபீசில் எத்துணை எழுத்து வேலை பெருகும் என்பதை நாம் அறிவோம். சியர்ஸோ அக்கடிகாரங்களைத் தாமே வாங்கி, அந்த லைனில் இருந்த ஏனைய நிலைய ஏஜெண்டுகளுக்கு விற்று ஆதாயம் கண்டார். அதுவே வித்தாயிற்று. சில ஆண்டுகளில் அது விலைப்பட்டியல் புத்தகம் அச்சிட்டு, நாட்டுப்புறத்து உழவர்களுக்குத் தபாலிலும் ரெயிலிலும் பொருள் அனுப்பும் பெருவாணிகமாக வளர்ந்தது.

1895-ஆம் ஆண்டில் ரோசன்வால்டும் அவர் மைத்துனரும் ஆளுக்கு 37,500 டாலர் முதலீடு செய்து அந்நிறுவனத்தில் பங்காளிகள் ஆயினர். சியர்ஸ் சொல்வன்மை மிக்கவர். இல்லாத சிறப்பையும் எழுதி விற்கக்கூடியவர். ரோசன்வால்டோ ஒழுங்கை நாடுபவர். விளம்பரத்தில் சொன்னதே பொருளில் இருத்தல் வேண்டும் என்றும், வந்த ஆர்டர் தாமதமின்றிப் போதல் வேண்டும் என்றும் அவர் முனைந்தார். 1906-இல் சிக்காகோவின் மேற்குப் பகுதியில் நாற்பது ஏக்கர் நிலத்தில் நிறுவனத்திற்குப் புதிய நிலையம் எழுந்தது. 1908-இல் சியர்ஸ் விலகவே, ரோசன்வால்டு தலைவர் பொறுப்பை ஏற்று 1924 வரை நடத்தினார். அதன்பின் இறக்கும் வரை இயக்குநர் குழுவின் தலைவராய் இருந்தார். தபால் வாணிகமாய் இருந்த அந்நிறுவனம் 1925 முதல் நகரங்களில் பல்பொருள் அங்காடிகளையும் திறக்கலாயிற்று.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டுதல் நம் நோக்கம் அன்று. நிறுவனத்தில் வேலை செய்த இளம்பெண்களின் ஊதியம் குறைவு என்ற பேச்சு எழுந்து, 1913-இல் இல்லினாய் மாநில செனட் குழு அவரை அழைத்து வினவியது. அக்குழுவின்முன் அவர் நிறுவனத்தின் பக்கமே பேசினார். 1916-இல் ஊழியர்க்கு இலாபத்தில் பங்கு தரும் திட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது. 1921-ஆம் ஆண்டின் வாணிக மந்தத்தில் நிறுவனம் ஆட்டங்கண்டபோது, தம் சொந்தச் செல்வத்திலிருந்து ஏறக்குறைய 2 கோடி டாலர் அளவிற்குப் பொறுப்பேற்று அதனைக் காத்தார்.

இனி, அவர் ஆற்றிய தொண்டைக் காண்போம். அடிமைத்தளை சட்டப்படி நீங்கி அரை நூற்றாண்டு ஆகியும், அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் தனிப்பள்ளி, தனி ரெயில் பெட்டி, தனிக் குடிநீர்க் குழாய் என ஒதுக்கப்பட்டே வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகள் பாழடைந்த குடிசைகளிலும் தேவாலயத்து மூலைகளிலும் அமர்ந்து படித்தனர். 1908-இல் ரோசன்வால்டு பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டிலேயே கறுப்பினத்தார்மீது கொடிய கலவரம் மூண்டது. ஐரோப்பாவில் தம் யூத இனத்தார் பட்ட துன்பத்தை அறிந்தவராதலின், பிறர் துன்பமும் அவருக்கு எளிதில் விளங்கிற்று. கறுப்பின மக்களுக்கு ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் எழுப்ப 75,000 டாலர் திரட்டும் எந்நகருக்கும் தாம் 25,000 டாலர் தருவதாக அவர் அறிவித்தார். யூதர் ஒருவர் கிறித்தவ சங்கத்திற்குக் கொடுத்ததைக் கண்டு பலர் வியந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட நகரங்கள் அவ்வுதவியைப் பெற்றன.

1911-ஆம் ஆண்டில் புக்கர் வாஷிங்டனை அவர் சந்தித்தார். வாஷிங்டன் அடிமையாய்ப் பிறந்து, அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1881-இல் தொடங்கிய கல்வி நிலையத்தை உலகறியச் செய்த பேரறிஞர். ரோசன்வால்டு தம் சிக்காகோ நண்பர்களைத் தனி ரெயில் பெட்டியில் ஏற்றி டஸ்கீகிக்கு அழைத்துச் சென்று காட்டினார். 1912-இல் தம் ஐம்பதாம் பிறந்தநாளை ஒட்டி அந்நிலையத்திற்கு 25,000 டாலர் வழங்கினார். அதில் 2,100 டாலர் எஞ்சியது. அத்தொகையைக் கொண்டு நாட்டுப்புறத்தில் ஆறு சிறு பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார், ரோசன்வால்டு இசைந்தார். அந்த எஞ்சிய பணமே பின்னர் ஐயாயிரம் கட்டடங்களாயிற்று!

முதற்பள்ளி 1913-இல் லோச்சபோகா என்னும் ஊரில் எழுந்தது. கணக்கு எழுதியே காலங்கழிக்கும் நாம் அதன் கணக்கைக் காட்டாமல் அப்பால் செல்லுதல் முறையன்று. மொத்தச் செலவு 942 டாலர். நிலம் வாங்க அவ்வூர்க் கறுப்பின மக்கள் திரட்டியது 150. அவர்கள் கூலி பெறாது உழைத்த உழைப்பின் மதிப்பு 132. அங்கிருந்த வெள்ளையர் தந்தது 360. ரோசன்வால்டு தந்தது 300. பங்கு போட்டுக் கட்டும் இம்முறையே பின்வந்த பள்ளிகள் யாவற்றிற்கும் வழியாயிற்று. ஊரார் தம் பங்கைத் திரட்டவேண்டும். அரசினரும் வரிப்பணத்திலிருந்து தரவேண்டும். கட்டிய பள்ளியை அரசினரே ஏற்று நடத்தவேண்டும். அப்போதுதான் வள்ளலின் பங்கு வந்து சேரும்.

பள்ளிகளின் வரைபடங்களை டஸ்கீகியில் இருந்த ராபர்ட் டெய்லர் முதலானோர் வகுத்தனர். மின்விளக்கு இல்லாத சிற்றூர்களாதலின், கிழக்கிலும் மேற்கிலும் உயர்ந்த சன்னல்களை வரிசையாக அமைத்துக் கதிரவன் ஒளியே பாடப் புத்தகத்தில் விழுமாறு செய்தனர். மரமும் ஆணியும் கொண்டு கட்டிய எளிய கட்டடங்களே எனினும், அதுவரை அச்சிறுவர் கண்டறியாத வெளிச்சம் அவற்றுள் இருந்தது.

ஏழை மக்கள் தம் பங்கைத் திரட்டிய விதம் நெஞ்சை உருக்குவது. பருத்தி விளைவித்த குத்தகை உழவர்கள் வயலில் ஒரு பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கினர். பெண்டிர் கோழி வளர்த்து விற்றும், விருந்து சமைத்து விற்றும் காசு சேர்த்தனர். காசற்றோர் மரம் வெட்டிச் சுமந்தனர். அலபாமாவில் ஓர் ஊரில் நடந்த கூட்டத்தில், அடிமை வாழ்வைக் கண்ட முதியவர் ஒருவர் தம் ஆயுட்காலச் சேமிப்பாகிய 38 டாலரை அழுக்கேறிய பையிலிருந்து எடுத்து மேசைமேல் கொட்டினார். தமக்குக் கிட்டாத கல்வி பேரப்பிள்ளைகளுக்குக் கிட்டவேண்டும் என்பதே அவர் விருப்பம். அம்முதியவரையும் வள்ளல் என்னாது வேறு என்னென்பது?

1932-ஆம் ஆண்டுவரை 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகளும், 217 ஆசிரியர் இல்லங்களும், 163 தொழிற்கூடங்களும், ஆக 5,357 கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் 6,63,615 பிள்ளைகள் படிக்க இடம் உண்டாயிற்று. மொத்தச் செலவு 2,84,08,520 டாலர். இதில் அரசினர் வரிப்பணம் 1,81,04,155. வெள்ளையர் நன்கொடை 12,11,975. ரோசன்வால்டு நிதி 43,66,519. கறுப்பின மக்கள் தந்தது 47,25,871. கடைசி இரு தொகைகளையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். கோடீசுவரர் கொடுத்ததைவிடக் குத்தகை உழவர் கொடுத்ததே கூடுதல்!

இதில் ஒரு நெருடலும் உண்டு. அம்மக்கள் ஏனையோரைப் போலவே வரி செலுத்தியவர்கள். அவ்வரியின் பயனோ பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிகளுக்கே சென்றது. ஆதலின் தம் பிள்ளையின் கல்விக்கு அவர்கள் இருமுறை செலவிட நேர்ந்தது. கறுப்பர்க்குத் தனி, வெள்ளையர்க்குத் தனி என்ற பிரிவினையை ரோசன்வால்டு நேராக எதிர்த்தாரில்லை. அதனுள் இருந்தே செய்யக்கூடியதைச் செய்தார். உரிமைக்கு நேராகப் போராடுதலே முறை என்று டுபாய்ஸ் போன்ற அறிஞர்கள் வாஷிங்டனின் வழியை அந்நாளிலேயே கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானதே. எனினும் போராடத் துணிந்த அடுத்த தலைமுறையில் பலருக்கு எழுத்தறிவித்தவை இப்பள்ளிகளே என்பதையும் மறத்தற்கில்லை. குடியுரிமைப் போராட்ட வீரர் ஜான் லூயி இத்தகைய பள்ளி ஒன்றில் பயின்றவர்.

தம் செல்வத்தைப் பற்றி ரோசன்வால்டு கொண்டிருந்த கருத்து புதுமையானது. அறநிதி என்றென்றும் நிலைக்கவேண்டும் என்று ஏனையோர் விரும்ப, இவரோ ஒரு தலைமுறையின் பொருள் அத்தலைமுறையின் தேவைக்கே செலவாகவேண்டும் என்றார். 1917-இல் நிறுவிய தம் நிதி, தாம் இறந்து 25 ஆண்டுகளுக்குள் முதலும் வட்டியும் முழுதும் தீரவேண்டும் என விதித்தார். பள்ளிகளேயன்றி, கறுப்பின அறிஞர்க்கும் கலைஞர்க்கும் அந்நிதி உதவித்தொகை வழங்கிற்று. பெற்றோருள் பாடகி மரியன் ஆண்டர்சனும், 1950-இல் சமாதானத்திற்கான நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் பஞ்சும் அடங்குவர். 1948-இல் நிதி முற்றும் செலவாகி மூடப்பட்டது. சிக்காகோவில் அறிவியல் தொழில் அருங்காட்சியகம் அமைக்க 1926-இல் 30 இலட்சம் டாலர் தர இசைந்தபோதும், அதற்குத் தம் பெயரை இடுவதை அவர் ஏற்கவில்லை. ஊருக்கு உரியது ஊரின் பெயரிலேயே விளங்கட்டும் என்பது அவர் எண்ணம்.

1932-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் அப்பெருமகனார் இயற்கை எய்தினார். 1954-இல் பள்ளிப் பிரிவினை சட்டத்திற்கு முரணானது என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபின், தனிப்பள்ளிகளின் தேவை படிப்படியே நீங்கிற்று. கட்டடங்கள் பல அழிந்தன. எஞ்சியவற்றை அங்குப் பயின்ற முதியோரே மீண்டும் காசு சேர்த்துப் பழுது பார்த்துக் காத்து வந்தனர். ஊர் கூடி இழுத்த தேரை ஊர் மறப்பதில்லை.

அன்பர்களே, இவ்வரலாற்றை நம் சங்க மலரில் எழுதியதற்கு உட்கருத்து ஒன்று உண்டு என்பதை மறைப்பானேன்? நம் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு ஞாயிறுதோறும் ஓர் அன்பரின் வீட்டுக் கூடத்தில் நடைபெற்று வருகிறது. நிலையான அறை ஒன்று வேண்டும் என ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் பேசுகின்றோம். பெருஞ்செல்வர் எவரேனும் வந்து கட்டித் தருவார் என்று காத்தும் இருக்கின்றோம். அத்தகையோர் வந்தால் வரவேற்போம். ஆயினும் அவர் வரும்போது, நம் பங்கு எவ்வளவு என்று கேட்டால் விடை சொல்ல நம் கையில் ஏதேனும் இருத்தல் வேண்டுமன்றோ? சம்பள நாளில் ஆளுக்கொரு சிறுதொகை எடுத்து வைப்போமாயின், அடுத்த மலரில் நம் அறையின் கணக்கையும் லோச்சபோகாவின் கணக்கைப்போலவே பைசா பிசகாமல் எழுத நாம் காத்திருக்கின்றோம்.