கேரள பாணினி ராஜராஜவர்மா

வித்துரா மலைப்பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சைக் கேட்கலாம். இதைக் கேட்டு இரு மொழிப் பண்டிதர்களும் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்து, அதிலிருந்து இலக்கணம் கண்ட ஒரு பேரறிஞர் இதே திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார். அவர்தான் கேரள பாணினி என்று போற்றப்படும் ஏ. ஆர். ராஜராஜவர்மா.

1863ஆம் ஆண்டு சங்கனாச்சேரி லட்சுமிபுரம் அரண்மனையில் அவர் பிறந்தார். பெரும் புலவரான கேரளவர்மா வலிய கோயித்தம்புரான் அவருக்கு மாமன் முறை. மன்னரின் கோபத்துக்கு ஆளான கேரளவர்மா ஹரிப்பாட்டில் காவலில் இருந்த காலத்தில், அவரிடமே மருமகன் வடமொழி பயின்றார். பின்னர் எம்.ஏ. பட்டமும் பெற்று, திருவனந்தபுரம் சமஸ்கிருதக் கல்லூரி முதல்வராகவும், இன்று பல்கலைக்கழகக் கல்லூரி எனப்படும் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராகவும் விளங்கினார்.

அவருக்கு முன்பே குண்டர்ட் 1851லும், ஜார்ஜ் மாத்தன் 1863லும் மலையாள இலக்கணம் வெளியிட்டிருந்தனர். ஆயினும் வடமொழி விதிகளைக் கொண்டே மலையாளத்தை அளக்கும் வழக்கம் பண்டிதரிடையே நிலவியது. வர்மாவோ வடமொழியில் கரை கண்டவராக இருந்தும், மலையாளத்தின் வேர் திராவிட மொழியில் உள்ளது என்று கண்டார். 1896இல் கேரள பாணினீயம் வெளிவந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. மேலும் ஆராய்ந்து, நூலைப் பெரிதும் திருத்தி எழுதி 1917இல் மறுபதிப்பாகத் தந்தார்.

கொடுந்தமிழ் எவ்வாறு மலையாளமாயிற்று என்பதை ஆறு மாற்றங்களாக அதில் அவர் வகுத்துக் காட்டினார். தமிழில் நான் வந்தேன், அவன் வந்தான் என்று வினைமுற்று ஆளுக்கேற்ப மாறும். மலையாளத்தில் யார் வந்தாலும் வந்நு என்பதே முற்று. இதைப் பிழை என்று தள்ளாமல், மொழி வளர்ந்த வழி என்று அவர் எழுதினார். அடித்து என்பது அடிச்சு ஆவதும் அவர் காட்டிய மாற்றங்களுள் ஒன்று. நம் வீட்டுத் தமிழிலும் அடிச்சு, படிச்சு என்றுதானே பேசுகிறோம்! பண்டைய பாணினியும் தம் காலப் பேச்சையும், கீழ்த்திசையார், வடதிசையார் வழக்குகளையும் குறித்தவரே. ஆகவே கேரள பாணினி என்ற பெயர் வர்மாவுக்கு மிகப் பொருத்தம்.

கவிதையிலும் இதே கொள்கை அவரைச் சோதனைக்கு உள்ளாக்கியது. இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் பிராசம், அதாவது நம் எதுகை, செய்யுளுக்கு இன்றியமையாதது என்றார் மாமன். பொருளைப் பலியிட்டு எதுகை தேடுவது வேண்டாம் என்றார் மருமகன். கவிஞர்கள் இரு அணியாகப் பிரிந்து பத்திரிகைகளில் வாதிட்டனர். கல்வி தந்த குருவையே எதிர்த்து நிற்பது எளிதன்று. எனினும் அவர் கொள்கையை விடவில்லை. குமாரன் ஆசானின் நளினி காவியத்துக்கு முகவுரை எழுதிப் புதிய கவிதைக்கும் வரவேற்பு அளித்தார். 1918இல் அவர் மறைந்தார்.

மலையாளம் கொடுந்தமிழிலிருந்து பிறந்தது என்ற அவர் கருத்தைப் பிற்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை. அதைவிட வியப்பானது ஒன்றுண்டு. வழக்கைப் பார்த்து அவர் எழுதிய நூலே பின்னர் பள்ளிகளில் மாற்றக்கூடாத விதியாகிவிட்டது. தேர்வுக்கு எழுதும் பிள்ளைக்குப் பொதுவான ஒரு மொழிநடை தேவைதான். அதற்காக வீட்டில் பேசும் பேச்சை இழிவென்று கருத வேண்டியதில்லை. இருபது ஆண்டு கழித்துத் தம் நூலைத் தாமே திருத்திய வர்மாவின் வாழ்வு, மொழி பேசுவோரிடமிருந்தே இலக்கணம் பிறக்கிறது என்பதை நமக்கு நினைவூட்டுகிறது.