குமரப்பாவின் கணக்கு

ஏழைக்கு வேலை வேண்டுமா, இயற்கைக்குப் பாதுகாப்பு வேண்டுமா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வாதிடுவது நம் அரசியல்வாதிகளிடையே வழக்கமாகிவிட்டது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று தம் வாழ்க்கையால் விளக்கிய ஜே. ஸி. குமரப்பாவின் சரித்திரத்தைத் தேச ஊழியர்கள் மறக்கலாகாது.

1892-ஆம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த குமரப்பா, லண்டனில் கணக்குப் பரிசோதனை பயின்று பம்பாயில் அத்தொழிலை நடத்தி வந்தார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியா சர்வகலாசாலையில் பொது நிதியை ஆராய்ந்தபோது, இந்தியாவின் வறுமைக்கு அந்நிய சர்க்காரின் நிதி முறையே பெருங்காரணம் எனக் கண்டார். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்த பின் தொழிலையும் வருமானத்தையும் துறந்து, குஜராத்தின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகக் குடியானவர்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார்.

1934-இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியதும், வார்தாவில் அதன் காரியதரிசியாக அமர்ந்தார். நெல் அரைக்கும் ஆலை, குத்திப் பிழைத்த பெண்களின் கூலியையும், தீட்டிய அரிசியை உண்பவரின் சத்தையும் ஒருங்கே பறிப்பதை எடுத்துக் காட்டினார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு அங்கே உருவாயிற்று. உழவு மாடு எருவும் தருகிறது, டிராக்டர் தருவதில்லை என்பது அவர் வாதம். 1942 போராட்டத்தில் சிறை சென்றவர், அங்கே எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், எடுக்க எடுக்கத் தீரும் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றையும், இயற்கை மீண்டும் மீண்டும் அளிக்கும் செல்வங்களையும் வேறு பிரித்தார். முன்னவற்றை நம்பிய வாழ்வு போட்டியிலும் யுத்தத்திலும் முடியும் என எச்சரித்தார்.

1949-இல், அவர் தலைமை வகித்த காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் கமிட்டி, உழுபவனுக்கும் நிலத்துக்கும் இடையே நிற்கும் இடைத்தரகரை ஒழிக்கும்படி சிபாரிசு செய்தது. சுதந்திர சர்க்காரோ பெருந்தொழில்களையே பெரிதும் நாடியது. மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியில் இறுதிக் காலத்தைக் கழித்து, 1960 ஜனவரி 30-இல், காந்தியடிகள் மறைந்த அதே தினத்தில், அவர் காலமானார்.

அவர் மறைந்த பின் பஞ்சாபில் விளைச்சல் பன்மடங்கு பெருகியது மெய். நாட்டின் பசி தணிந்ததும் மெய். அங்கே நிலத்தடி நீர் பாதாளத்துக்கு இறங்கியதும் அதே அளவு மெய். ஆகவே, விவசாயத் திட்டம் எதுவாயினும், அது எத்தனை கைகளுக்கு வேலை தருகிறது, மண்ணிடமிருந்து எடுத்ததில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்ற இரு கேள்விகளையும் நம் ஊழியர்கள் சட்டசபையிலும் கிராம சபையிலும் எழுப்ப வேண்டும். குமரப்பாவின் படத்துக்கு மாலை சூட்டுவதைவிட அவர் கணக்கைத் தொடர்ந்து எழுதுவதே சிறந்த அஞ்சலி என்பது நம் கருத்து.