உதுவன்கந்தைச் சரதியேல்

இலங்கைத் தீவில் கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவழியில் மாவனல்லை என்னும் ஊர் உளது. அதனருகே காடு சூழ நிமிர்ந்து நிற்கும் பாறைக்குன்று ஒன்றை உதுவன்கந்தை என்பர். 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அக்குன்றின் பெயரைக் கேட்ட அளவிலேயே வழிப்போக்கர் நடுங்கினர். அங்கு உறைந்த சரதியேல் என்னும் கள்வனே அவ்வச்சத்திற்குக் காரணமாவான்.

1815-ஆம் ஆண்டில் கண்டி அரசு ஆங்கிலேயர் வயமாயிற்று. 1820-களில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் மலையையும் பாறையையும் பிளந்து அப்பெருவழி அமைக்கப்பட்டது. பின்னர் மலைச்சாரல்களில் காப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்தினின்றும் சென்ற ஏழைத் தொழிலாளர் அவற்றில் உழைத்தனர். தோட்டங்களுக்கு வேண்டும் அரிசியும் பணமும் மலைமீது ஏறின. காப்பிக் கொட்டை மூட்டைகள் துறைமுகம் நோக்கி இறங்கின. புகைவண்டி கண்டியை அடைந்தது 1867-இலேயாம். அதற்கு முன்னர் அச்செல்வமெல்லாம் மாட்டு வண்டிகளிலேயே ஊர்ந்து சென்றது.

சரதியேல் 1832-ஆம் ஆண்டில் எளிய குடும்பம் ஒன்றிற் பிறந்தான். இளமையில் பௌத்த விகாரையில் எழுத்தறிவு பெற்றான் என்றும், பின்னர்க் கொழும்பு சென்று படைவீரர் விடுதியில் ஏவல் செய்து துப்பாக்கி பிடிக்கக் கற்றான் என்றும் கூறுவர். ஊர் திரும்பியவன் நேரிய தொழிலை நாடினானல்லன். மம்மலே மரிக்கார் முதலிய தோழரைச் சேர்த்துக்கொண்டு, குன்றின் குகைகளில் ஒளிந்திருந்து, வண்டிகளை மறித்துக் கொள்ளையிட்டான். செல்வரிடம் பறித்ததில் ஒரு பங்கை ஏழைகட்கு ஈந்தான் என்பது மக்கள் வழக்கு. அயலார் ஆட்சியில் நலிந்த மக்கள் சிலர் அவனைத் தம் காவலனாகவே கருதினர். ஆயினும், அவன் கைகளில் கொலைக்கறையும் படிந்தது.

1864-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21-ஆம் நாள், மாவனல்லையில் ஒரு வீட்டில் அவனும் மரிக்காரும் இருப்பதறிந்து காவலர் சூழ்ந்தனர். வீட்டினுள்ளிருந்து குண்டுகள் பாய்ந்தன. மலாய் இனத்தைச் சார்ந்த சபான் என்னும் காவலர் அங்கே உயிர் துறந்தார். படைவீரரும் வந்து சேரவே, காயமுற்ற சரதியேல் தோழனுடன் பிடிபட்டான். கண்டியில் வழக்கு நடந்தது. இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு மே 7-ஆம் நாள் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அப்பொழுது சரதியேலுக்கு அகவை 32.

மாணவர்களே! சரதியேலின் பெயர் கதையிலும் கூத்திலும் இன்றும் வழங்குகின்றது. சபான் பெயரை அறிந்தார் சிலரே. எனினும், இலங்கைக் காவல்துறையினர் ஆண்டுதோறும் மார்ச்சு 21-ஆம் நாளைக் கடமையில் உயிர் நீத்தாரை நினைவுகூரும் நாளாகப் போற்றுகின்றனர். இறந்த காவலர் செல்வரல்லர்; அவரும் கூலிக்கு உழைத்த எளியவரே. ஏழைக்கு ஈந்தவன் என்று புகழப்பட்டவனை வளைத்த அன்று வீழ்ந்தவரும் ஓர் ஏழையே. கொடுங்கோன்மை கள்வனையும் வீரனாகத் தோன்றச் செய்யும். ஆனால், பிறர் பொருளைக் கவர்ந்து செய்யும் ஈகை அறமாகாது. புகழ் வேறு, அறம் வேறு என்பதை இவ்வரலாற்றால் உணர்வீர்களாக.