பிட்டி தியாகராயர்: தி.நகருக்குப் பெயர் கொடுத்த வடசென்னைத் தறி முதலாளி

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ரங்கநாதன் தெருவுக்குள் போய், துணிப்பையோடு முழுசாக வெளியே வருவது சென்னைவாசிகளுக்கு ஒரு சாதனை. அந்த தி.நகரின் முழுப்பெயர் தியாகராய நகர். திருவையாற்றில் பாடிய தியாகராஜரின் பெயர் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது சர் பிட்டி தியாகராயரின் பெயர். துணிக்கடைகளுக்குப் பேர்போன ஏரியாவுக்குப் பெயர் கொடுத்தவர் துணி நெய்வதையே தொழிலாக நடத்தியவர். யாரும் திட்டமிட்டுச் செய்த பொருத்தம் இல்லை இது.

விம்கோ நகர் மெட்ரோவில் போகிறவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. வண்ணாரப்பேட்டையை அடுத்து சர் தியாகராயா கல்லூரி ஸ்டேஷன், அதற்கடுத்து தண்டையார்பேட்டை. அவருடைய ஊர் இந்தப் பக்கம்தான். நீதிக்கட்சித் தலைவர் என்ற முறையில் பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பத்தி கிடைக்கிறது. தறி முதலாளியாக அவர் செய்ததைப் பற்றி அதில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது.

துறைமுகத்துக்கு முன்னால் தறி

வடசென்னை என்றதும் கன்டெய்னர் லாரி, எண்ணூர் புகை, ராயபுரம் மீன் என்றுதான் மனசில் வரும். அதற்கெல்லாம் முன்பு இந்தப் பகுதி துணியால் பிழைத்தது. வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்களிடமிருந்து வந்தது. டோல்கேட்டைத் தாண்டினால் வரும் காலடிப்பேட்டை, 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். காலட் துரையின் பேட்டைதான் பேச்சுவழக்கில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது.

1852-ல் பிறந்த தியாகராயர், நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் சமூகத்தவர். வீட்டில் தெலுங்கு, குடும்பத்தில் வசதி. 1876-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அந்தக் காலத்தில் பி.ஏ. படித்த ஒருவருக்கு அரசு உத்தியோகம் என்ற வழி நன்றாகவே திறந்திருந்தது. அவர் தறிப் பக்கம் வந்தார்.

வந்த நேரம் நல்ல நேரமா என்றால், இல்லவே இல்லை. 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தில் அதிகம் அடிபட்டவர்களில் நெசவாளர்களும் அடக்கம். சோற்றுக்கே வழியில்லாதபோது புதுத்துணி யார் வாங்குவார்கள்? போதாததற்கு லங்காஷயர் மில் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. பக்கத்திலேயே பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில்லும், பிறகு கர்நாடிக் மில்லும் எழுந்தன. கைத்தறியின் கதை முடிந்தது என்பதுதான் அன்றைய பொதுக்கருத்து.

நாடாவில் என்ன புதுமை?

தியாகராயர் சுமார் 100 தறிகளை வைத்து பிட்டி நெசவாலை என்ற பெயரில் தொழிலை நடத்தினார். அங்கே அவர் கொண்டுவந்தது விசைநாடா.

பழைய குழித்தறியில் பாவு நூல்களுக்கு நடுவே ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை நெசவாளர் ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பார். பிறகு பலகையை இழுத்து அடித்து ஊடையை நெருக்குவார். இரண்டு கைக்கும் ஓயாத வேலை. துணியின் அகலமும் கைக்கு எட்டுகிற தூரம்தான். அதற்குமேல் அகலம் வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். விசைநாடாத் தறியில் பலகையின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி இருக்கும். நடுவில் தொங்கும் கயிற்றை ஒரு கையால் சுண்டினால் நாடா ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் பறந்து போய்விடும். மறு கை பலகையைப் பார்த்துக்கொள்ளும். அதே ஆள், அதே நேரம், ஏறக்குறைய இரண்டு மடங்கு துணி.

கண்டுபிடிப்பு அவருடையது அல்ல. இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கம்பெனிக்காரர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் நெசவாளர்களைக் குடியேற்றியது அதற்கு அடுத்த ஆண்டு! ஆனால், அந்த நாடா இங்கே வேரூன்ற ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. தொழில்நுட்பம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நம்புகிற இன்றைய ஸ்டார்ட்-அப் உலகம் இந்த இடைவெளியைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நெசவாளர் ஏன் தயங்கினார்?

அறியாமை என்று எழுதிவிடுவது சுலபம். அன்றைய அதிகாரிகள் பலர் அப்படித்தான் எழுதினார்கள். நெசவாளர் போட்ட கணக்கு வேறு.

முதல் சிக்கல் நூல். சுண்டி அடிக்கும் வேகத்தில் மெல்லிய நூல் அறுந்துபோகும். கரையைத் தனி நாடாவில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு விசைநாடா ஒத்துவராது. இரண்டாவது, வேகம் தறியில் மட்டும்தான் கூடியது. பாவு ஓட்டுவது, தெருவில் நீட்டிக் கட்டி கஞ்சி போடுவது, தார் சுற்றுவது எல்லாம் பழைய வேகத்திலேயே இருந்தன. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் விடியற்காலையில் செய்துமுடிக்கிற வேலை அது. தறி இரண்டு மடங்கு ஓடினால் இந்த வேலையும் இரண்டு மடங்கு ஆகும். மேனேஜ்மென்ட் வகுப்பில் பாட்டில்நெக் என்று சொல்லித்தருவது இதைத்தான். மூன்றாவதுதான் முக்கியமானது. நூலை முன்கடனாகக் கொடுத்துத் துணியை வாங்கிப்போகிற வியாபாரி, உற்பத்தி கூடியதும் கூலி ரேட்டைக் குறைத்துவிட்டால்? உழைப்பு நெசவாளருக்கு, லாபம் வியாபாரிக்கு.

ஆக, புதுமையின் ரிஸ்க்கை யார் சுமப்பது என்பதே உண்மையான கேள்வி. ஒற்றைத் தறி வைத்திருக்கும் குடும்பம் சோதனை செய்து பார்க்க முடியாது. ஒரு பாவு வீணானால் அந்த மாதம் அடுப்பு எரியாது. 100 தறி வைத்திருப்பவர் நான்கைந்து தறிகளில் முயன்று, தோற்று, மாற்றிப் பார்க்கலாம். கைத்தறியை வேண்டாம் என்று தூக்கி எறியாமல், மில்லாகவும் மாற்றாமல், அதற்குள்ளேயே வேகத்தைத் தேடினார் தியாகராயர். அந்தத் தேடலின் செலவைத் தாங்கும் முதலும் அவரிடம் இருந்தது. அவர் காட்டிய துணிச்சலில் பணத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதே காலத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அரசு தரப்பில் விசைநாடாவைப் பரப்ப முயன்றார். சேலத்தில் அரசே ஒரு நெசவுச்சாலை நடத்திப் பார்த்தது. மணி அடித்தால் வந்து, மணி அடித்தால் போகும் வேலைமுறை நெசவாளர்களுக்குப் பிடிக்கவில்லை. அரசாங்கம் தொழில் நடத்துவது ஐரோப்பிய வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1910-ல் லண்டனிலிருந்த இந்திய மந்திரி மார்லி, அரசு இப்படிப்பட்ட முன்னோடித் தொழில்களில் இறங்கக்கூடாது என்று உத்தரவு அனுப்பினார். அதற்குப் பிறகு தனியாரின் கையில்தான் இந்த வேலை மிஞ்சியது.

தனி ஆளால் ஆகாதது

1906 அக்டோபரில் ஆர்பத்நாட் வங்கி திவாலானது. சென்னையின் பெரிய ஆங்கிலேய நிறுவனங்களில் ஒன்று. ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், சிறு வியாபாரிகள் என்று ஏராளமானவர்களின் சேமிப்பு அதோடு போனது. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது.

வணிகர்களுக்கு வங்கி மட்டும் போதாது, பேசுவதற்கு ஒரு மேடையும் வேண்டும். 1836 முதல் இருந்த மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸ் ஐரோப்பிய கம்பெனிகளின் கையில் இருந்தது. 1909-ல் இந்திய வணிகர்களுக்காகத் தென்னிந்திய வர்த்தக சபை தொடங்கப்பட்டபோது நிறுவனர்களில் ஒருவராக இருந்தார் தியாகராயர். பத்தாண்டுக்கு மேல் அதன் தலைவராகவும் இருந்தார்.

1916-ல் டாக்டர் டி.எம்.நாயர் போன்றவர்களோடு சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை அமைத்தார். அது நடத்திய ஜஸ்டிஸ் பத்திரிகையின் பெயரால் நீதிக்கட்சி ஆனது. 1920 தேர்தலில் அந்தக் கட்சி வென்றது. காங்கிரஸ் புறக்கணித்த தேர்தல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் மந்திரி பதவி தியாகராயரைத் தேடி வந்தது. அவர் ஏற்கவில்லை. சுப்பராயலு ரெட்டியார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நிறுவனரே சி.இ.ஓ. ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய உதாரணம் இது.

ஒரு கரும்புள்ளியும் உண்டு. 1921-ல் பின்னி மில் வேலைநிறுத்தம் சாதி மோதலாக மாறி, புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. ஆதிதிராவிடர்களுக்கு அரசு சலுகை காட்டியதுதான் காரணம் என்று நீதிக்கட்சி பேசியது. எம்.சி.ராஜா 1923-ல் கட்சியை விட்டு வெளியேறினார். எல்லோருக்கும் பங்கு கேட்டுத் தொடங்கிய இயக்கம், தன் வாசலில் நின்ற தொழிலாளிகளை ஒரே கண்ணால் பார்க்கவில்லை. கட்சியின் தலைவர் என்ற முறையில் தியாகராயருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

ஓர் அணா கணக்கு

கோட்டையில் கிடைத்த பதவியை மறுத்தவர், மாநகராட்சியை மட்டும் விடவே இல்லை. ஏறக்குறைய 40 ஆண்டுகள் உறுப்பினர். அரசு அதிகாரிகளே வகித்துவந்த தலைவர் பதவிக்கு வந்த முதல் அதிகாரி அல்லாதவரும் அவர்தான். எப்போதும் வெள்ளை உடையிலேயே இருப்பதால் வெள்ளுடை வேந்தர் என்று ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

1920 செப்டம்பரில் ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் பிரச்சினை மன்றத்துக்கு வந்தது. ஏழைப் பிள்ளைகள், வயிற்றுக்கு இல்லை, அதனால் பள்ளிக்கு வருவதில்லை. மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாமல் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு அது. முதலில் ஒரே ஒரு பள்ளி, பலன் தெரிந்ததும் மேலும் நான்கு பள்ளிகள். இன்றைய பாஷையில் பைலட் புராஜெக்ட். சில தறிகளில் முயன்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குக் கொண்டுபோகிற ஒரு தறி முதலாளியின் புத்தி இதில் அப்படியே தெரிகிறது.

நிறுத்தப்பட்டது, திட்டம் தோற்றதால் அல்ல. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்றது அரசு. 1925 ஏப்ரலோடு சிற்றுண்டி நின்றது. அதே ஆண்டில் தியாகராயரும் காலமானார். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து உருவாகிக்கொண்டிருந்த புதிய குடியிருப்புக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சிற்றுண்டித் திட்டம் பின்னாளில் மீண்டும் உயிர்பெற்றது. காமராஜரின் மதிய உணவு 1956-ல், எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982-ல், இப்போதைய காலை உணவுத் திட்டம் 2022-ல் வந்தன.

தறிக்கும் அதே போலத்தான் காலம் பிடித்தது. 1940-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் கைத்தறிகளில் பெரும்பாலானவை விசைநாடாவுக்கு மாறியிருந்தன. காஞ்சிபுரத்தில் கோர்வைக் கரை போடும் தறிகளில் மட்டும் இன்றும் நாடாவைக் கையால் எறிகிறவர்கள் இருக்கிறார்கள்.